‘புரொடியூசர்’ என்பதற்குப் ‘பதிவு நெறியாளர்’: டெத் மெட்டலை முன்வைத்து ஒரு பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். உறுமல் குரலும் அதிவேகத் தாளமும் கொண்ட டெத் மெட்டல் என்ற இசைவகை குறித்த கட்டுரைகளில், ஓர் இசைப்பதிவை முழுவதுமாக வழிநடத்துபவரைக் குறிக்கும் ‘புரொடியூசர்’ என்று வருமிடமெல்லாம் ‘இசைத் தயாரிப்பாளர்’ என்று எழுதிவிடலாம் என்ற முந்தைய மடலின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. தயாரிப்பாளர் என்றதும் நம் வாசகருக்கு நினைவுக்கு வருபவர் பணம் போட்டுப் படம் எடுப்பவர். ‘இசை இயக்குநர்’ என்றால் மெட்டுப் போடுபவர் என்று ஆகிவிட்டது. ‘ஒலிப்பொறியாளர்’ நல்ல சொல்தான். ஆனால் அது வேறொருவருக்கு உரியது, அதை அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது.

ஸ்காட் பர்ன்ஸை எடுத்துக்கொள்வோம். ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரிலுள்ள மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிந்தவர். டெத் என்ற இசைக்குழுவின் ‘லெப்ரசி’ (1988) பாடல் தொகுப்பில் புரொடியூசர் டான் ஜான்சன். பர்ன்ஸ் அதில் ஒலிப்பொறியாளர் மட்டுமே. அதே குழுவின் ‘ஹியூமன்’ (1991) தொகுப்பிலோ குழுத் தலைவர் சக் ஷுல்டினருடன் சேர்ந்து பர்ன்ஸே புரொடியூசர். இந்த வேறுபாட்டைத் தடுமாறாமல் ஒரே வரியில் எழுத முடியவேண்டும் என்பதே நாம் தேடும் சொல்லுக்கு நான் வைக்கும் முதல் சோதனை.

அவர் அப்படி என்னதான் செய்தார்? நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு அடியாக இரு கால்களாலும் பேஸ் டிரம் என்ற பெரிய முரசின் மிதிகளை மிதித்தால், நொடிக்கு 13 அடிகளுக்கு மேல் விழும். ஒவ்வோர் அடியின் கார்வையும் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுவதாலும், சுருதி இறக்கிய கிட்டார்களும் அதே தாழ்ந்த அலைவெண்களில் வந்து குவிவதாலும், அப்படியே பதிந்தால் கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் இரைச்சல்தான். மோரிசவுண்ட் பதிவுகளில் அந்த அடியின் கார்வை ஒடுக்கப்பட்டு, மிதியின் சுத்தியல் முரசின் தோலில் படும் ‘டக்’ என்ற ஓசை முன்னுக்குக் கொண்டுவரப்பட்டிருப்பதைக் காணலாம். கிட்டாரின் நடு அலைவெண்களும் குறைக்கப்பட்டு, பிற ஒலிகளுக்கு இடம் விடப்பட்டிருக்கும். சஃபகேஷன் குழுவின் ‘எஃபிஜி ஆஃப் த ஃபர்காட்டன்’ (1991) போன்ற நெருக்கமான தாளக்கட்டுள்ள இசையில் அடிகளை எண்ணிவிட முடிவது இதனால்தான். குமிழ்களைத் திருகும் கை பொறியாளருடையதாக இருக்கலாம். எது கேட்கவேண்டும், எது அடங்கவேண்டும் என்ற தீர்ப்பு புரொடியூசருடையது.

அந்தத் தீர்ப்பை நாடியே கனிபல் கார்ப்ஸ் குழு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து டாம்பாவுக்கு வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காமின் நேபாம் டெத் குழு கடல் கடந்து வந்து ‘ஹார்மனி கரப்ஷன்’ (1990) பதிந்தது. அந்தக் குழுவின் பழைய ரசிகர்கள் பலருக்கு அத்தொகுப்பு ஃபுளோரிடாவின் வாடை வீசுவதாகப் பட்டது. மோரிசவுண்டில் பதிந்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்ற குறையும் இன்றுவரை உண்டு. என் காதுக்கு அந்தக் குறையில் பாதி நியாயமே தெரிகிறது. ஆயினும் அந்தப் புகாரே புரொடியூசரின் கை எவ்வளவு நீளமானது என்பதற்குச் சான்று.

சுவீடன் நிலவரம் சற்றுச் சிக்கலானது. ஸ்டாக்ஹோமின் சன்லைட் கூடத்தில் தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிந்த என்டூம்ட் குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ (1990), மரம் அறுக்கும் இயந்திரம் போன்ற கிட்டார் ஒலிக்குப் பேர்போனது. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பாஸ் எச்எம்-2 என்ற மிதிகருவியின் குமிழ்களை எல்லாம் உச்சத்தில் வைத்துப் பெறும் ஒலி அது. அதை முதலில் கண்டடைந்தவர் என்டூம்டின் முன்னோடியான நைஹிலிஸ்ட் குழுவின் கிட்டார் கலைஞர் லீஃப் கஸ்னர் என்பார்கள். ஆக, ஒலியைப் ‘படைத்தவர்’ என்று பொருள்படும் சொல்லும் இங்கே பொருந்தாது. பிறர் கொண்டுவந்ததை ஏற்று, நிலைநிறுத்தி, முழுத் தொகுப்புக்கும் உரியதாக்குபவரைக் குறிக்கும் சொல் வேண்டும். முன்பு பேசப்பட்ட ‘ஒலிச்சிற்பி’யையும் இதே காரணத்தால் விலக்குகிறேன். அது பாராட்டுப் பத்திரத்துக்கு ஆகும். தொகுப்பின் பின்னட்டைக்கு ஆகாது.

என் பரிந்துரை ‘பதிவு நெறியாளர்’. இலங்கைத் தமிழ் நாடக உலகில் ‘நெறியாள்கை’ நெடுங்காலமாகப் புழங்குகிறது. மேடையில் நடிக்காமல் மேடையில் நிகழ்வதை எல்லாம் ஆற்றுப்படுத்துபவரின் பணி அது. தொலைக்காட்சி விவாதத்தை நடத்துபவரும் ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியரும் நெறியாளர்களே என்ற மறுப்பு வரும். ‘பதிவு’ என்ற முன்னொட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் என்று கருதுகிறேன். வினையாகவும் இது வளைகிறது: பிரேசிலின் செபுல்டுரா குழுவின் ‘பினீத் த ரிமெயின்ஸ்’ தொகுப்பை, 1988 டிசம்பரில் ரியோ டி ஜெனிரோவுக்குச் சென்று, குழுவோடு சேர்ந்து பர்ன்ஸ் நெறியாண்டார் என்று எழுதலாம். அதை வெளியிட்ட ரோட்ரன்னர் போன்ற நிறுவனங்களின் தரப்பில் பணப் பொறுப்பை ஏற்பவரைக் குறிக்கத் ‘தயாரிப்பாளர்’ என்ற சொல் அப்போது மிச்சமிருக்கும்.

‘நெறியாளுநர்’ என்ற வடிவத்தை விரும்புபவர்கள் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். எனக்கு அது வாயில் தடுக்குகிறது.