மொபைலில் இரண்டு மணி நேரம் உட்காருகிற பிள்ளைக்குக் கவனக்குறைவா?

கணக்குவாத்தியார்:
"வகுப்புக்கு இரண்டு பேருக்காவது ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறு இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். மொபைலைக் கொடுத்தால் பிள்ளை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறான். அவனுக்கு எப்படிக் கவனக்குறைவு?

நிலாஅம்மா:
எழுதியது நான்தான் சார். மொபைல் நொடிக்கு நொடி புதிதாக எதையாவது காட்டுகிறது, மனசு தானாக ஒட்டிக்கொள்கிறது. பிடிக்காத வேலையில் அதை இழுத்து நிறுத்த முடியாததுதான் சிக்கலே. என் மகள் நாலாம் வகுப்பு. கழித்தலில் கடன் வாங்குவாள், பக்கத்து எண்ணைக் குறைக்க மறந்துவிடுவாள். நாலாவது கணக்கு பாதியில் நிற்கும். இந்த வருடம் தொலைத்த தண்ணீர் பாட்டில் மட்டும் ஐந்து. சத்தம் போடாத பிள்ளை, அதனால் ஒன்பது வயது வரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கணக்குவாத்தியார்:
கடன் வாங்கிவிட்டு மறப்பவர்கள் என் வகுப்பில் பாதிப் பேர். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் டாக்டரிடமா ஓடினோம்? மொபைலுக்கு வருகிற கவனம் கணக்குக்கு மட்டும் ஏன் வராது? அதைச் சொல்லுங்கள்.

நிலாஅம்மா:
சொல்லியாயிற்று. அந்தக் காலத்திலும் இருந்தது சார். 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். நம் ஊரில் அவர்கள் அடி வாங்கினார்கள், அவ்வளவுதான்.

திருச்சிக்காரன்:
டாக்டர்கள் மனநலக் கோளாறுகளைக் கண்டறியப் பார்க்கும் அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம். அதன் நான்காம் பதிப்பில் 7 வயதுக்குள் அறிகுறி தெரிய வேண்டும் என்று இருந்தது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை 12 ஆக்கிவிட்டார்கள். வலையை அகலமாக விரித்தால் மீன் கூடத்தான் விழும். சார் கேட்பது நியாயம்.

நிலாஅம்மா:
வயதை மட்டும் படித்தால் எப்படி? பிள்ளைகளுக்கு ஒன்பது அறிகுறியில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். அதுவும் அதே பதிப்பில்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை எதுவும் இதற்குக் கிடையாது. எங்களிடம் மூன்று தடவை உட்கார்ந்து பேசினார்கள், காது, கண் பார்த்தார்கள், தூக்கத்தைக் கேட்டார்கள், டீச்சருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். டீச்சர் அதைப் பதினேழு நாள் பையிலேயே வைத்திருந்தார்.

கணக்குவாத்தியார்:
வந்துவிட்டது பாருங்கள்! டீச்சரைக் குறை சொல்லாமல் உங்களுக்கு எழுதவே வராது. போன மாதம் வீட்டுப்பாட இழையிலும் இதேதான். நாற்பத்தெட்டு பிள்ளைக்கு ஒரே ஆள். எப்போது உட்கார்ந்து படிவம் நிரப்புவது?

பல்லாவரம்பாட்டி:
இனிப்பை நிறுத்திப் பாரும்மா, பிள்ளை தானாக அடங்கும்.

நிலாஅம்மா:
இனிப்பால் இது வருவதில்லை பாட்டி, சோதித்தே பார்த்துவிட்டார்கள். சார், வீட்டுப்பாட இழையில் என்னைப் "படித்த திமிர்" என்றீர்களே, அது எனக்கு மறக்கவில்லை.

கணக்குவாத்தியார்:
பேச்சை மாற்றாதீர்கள். மொபைல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நிலாஅம்மா:
முதல் பதிவிலேயே எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள். நாளை அவள் கணக்கு நோட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கணக்குவாத்தியார்:
போடுங்கள். மொபைலில் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.