மாதக் கடைசி இரவில் மட்டும் சிபியூ கோட்டா இடிக்கிறது

மடிவாளாக்காரி:
வணக்கம். பெங்களூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் டேட்டா வேலை பார்க்கிறேன். டீமில் இரண்டே பேர். தினமும் ராத்திரி 2 மணிக்கு கூகுள் கிளவுடின் மும்பை ரீஜனில் (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) ஒரு டேட்டாபிராக் கிளஸ்டர் எழும்பும், அதாவது ஸ்பார்க் என்ற டேட்டா கணக்கு மென்பொருளைச் சேர்ந்து ஓட்டும் மெஷின் கூட்டம். கடைகளின் ஆர்டர்களைக் கணக்குப் போட்டு கூகுளின் டேட்டா கிடங்கான பிக்குவெரியில் ஏற்றிவிட்டு அணைந்துவிடும். மேற்பார்க்கும் மெஷின் (மாஸ்டர்) ஒன்று, வேலை செய்யும் மெஷின் (வொர்க்கர்) இரண்டு, தலைக்கு 4 சிபியூ. ஆக 12. அந்த ரீஜனில் எங்கள் ப்ராஜெக்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு, அதாவது கோட்டா, 24.

மாதக் கடைசியில் ஆர்டர் குவியும் என்று வொர்க்கரை ஆறாக்கினேன். 28 கேட்டிருக்கிறாய், 24தான் இருக்கிறது என்று எரர். கிளஸ்டர் எழும்பவே இல்லை. போன் அடித்தபோது மணி 2:20. ஓசூர் ரோடு குடோனில் 5 மணிக்கு லோடு ஏற்றுகிறவர்கள் வந்துவிடுவார்கள். கையில் பட்டியல் இல்லையென்றால் வண்டி நகராது. ஸோனை (ரீஜனுக்குள் இருக்கும் உட்பிரிவு) மாற்றிப் பார்த்தேன், அதே எரர். வொர்க்கரை ஐந்தாகக் குறைத்து 24-க்குள் அடக்கி ஓட்டினேன். முடிய 4:50 ஆகிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை நம்பி அடுத்த மாதத்தை ஓட்ட முடியாது. டெல்லி ரீஜனுக்குப் போய்விடலாமா?

பழைய டிபிஏ:
இந்தக் கோட்டா ரீஜனுக்குத்தான், ஸோனுக்கு இல்லை. அதனால்தான் ஸோனை மாற்றியும் நகரவில்லை. டெல்லியில் கோட்டா தனி, உண்மைதான். ஆனால் உங்கள் பிக்குவெரி டேட்டாசெட் மும்பையில் இருக்கிறது. உருவாக்கிய பிறகு அதன் இடத்தை மாற்றுவது லேசான வேலை இல்லை, ரீஜன் விட்டு ரீஜன் டேட்டா போனால் அதற்கும் காசு. வேண்டாம்.

கன்சோலில் கோட்டா பக்கம் போய் கூட்டிக் கேளுங்கள், 25-ஆம் தேதி வரை காத்திருக்காமல் இப்போதே. சிபியூவோடு நிறுத்திவிடாதீர்கள். மெஷினுக்கு 500 ஜிபி டிஸ்க் என்றால் ஏழு மெஷினுக்கு 3,500 ஜிபி, அதற்கும் தனிக் கோட்டா உண்டு. எனக்கு சிபியூ கிடைத்த அடுத்த மாதமே டிஸ்க்கில் இடித்தது. வெளி ஐபி முகவரியும் அப்படியே. சப்நெட்டில் (உங்கள் உள் நெட்வொர்க்கின் ஒரு பகுதி) பிரைவேட் கூகுள் அக்சஸ் என்ற வசதியைத் திறந்துவிட்டால் வெளி ஐபி இல்லாமலே கிளஸ்டரை எழுப்பலாம்.

ஒயிட்ஃபீல்டு நைட் ஷிப்ட்:
அக்கா, இன்னொன்று. கோட்டா என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. பத்திரிகை இருந்தாலும் பந்தியில் இலை காலியாக இருந்தால்தான் சாப்பாடு. கோட்டா இருந்தும் அந்த ஸோனில் மெஷின் இல்லை என்று வருகிற எரர் வேறு, அதற்குத்தான் ஸோன் மாற்றம் உதவும். ஸோனைக் குறிப்பிடாமல் விட்டால் டேட்டாபிராக்கே பார்த்து எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஸ்பார்க் தேவையா? சிஎஸ்வி கோப்பை (கமா போட்டுப் பிரித்த பட்டியல்) கூகுளின் கோப்புக் கிடங்கான கிளவுட் ஸ்டோரேஜில் போட்டு நேரே பிக்குவெரியில் லோடு செய்தால் உங்கள் சிபியூ கோட்டாவைத் தொடவே தொடாது. எல்லோருக்கும் பொதுவான பிக்குவெரி ஸ்லாட்டில் (கணக்குப் போடும் திறனின் பங்கு) ஓடும், லோடுக்குக் கட்டணமும் கிடையாது. கூட்டல் கழித்தலை பிக்குவெரிக்குள்ளேயே எஸ்க்யூஎல் என்ற கேள்வி மொழியில் முடித்துவிடலாம்.

மடிவாளாக்காரி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று லாக்கை உட்கார்ந்து படித்தேன். ஓடுகிற நேரத்தில் பாதிக்கு மேல் சிஎஸ்வியைப் படித்து அப்படியே திரும்ப எழுதுகிற வேலைதான். அதை முழுக்க நேரடி லோடுக்கு மாற்றுகிறேன். ஒரே பொருளுக்குக் கடைக்கொரு பெயர் வைத்திருப்பதைச் சேர்த்துப் பொருத்துகிற வேலை மட்டும் ஸ்பார்க்கில் இருக்கும், அதற்கு மூன்று வொர்க்கர் போதும். இருந்தாலும் 48 சிபியூவும் 4,000 ஜிபி டிஸ்க்கும் கேட்டு அனுப்பிவிட்டேன். பயன்பாடு 80 சதவீதம் தாண்டினால் போன் அடிக்கவும் அலர்ட் வைத்தாயிற்று, இடிப்பதற்கு முன்பே அடிக்கட்டும்.