நள்ளிரவில் கேரவன் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது: பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை போக உதவி தேவை

கும்பகோணம் வண்டி:
எல்லோருக்கும் வணக்கம். டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய சின்ன கேரவன் எங்களுடையது. இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, கூரையில் ஒரு சோலார் பலகை, 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், அதற்கென்று தனியாக 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி. மாசி மாதத்தில் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு கிளம்பத் திட்டம். விடியற்காலையில் பூம்புகார், அப்புறம் தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி. இரவு வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் தங்கி, மறுநாள் காலையில் கோடியக்கரையில் பறவை பார்க்க வேண்டும்.

பிரச்சினை ஃப்ரிட்ஜில்தான். வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. இரவு நிறுத்தினால் பன்னிரண்டு மணி தாண்டியதும் நின்றுவிடுகிறது. ஆனால் அதே பேட்டரியில் விசிறியும் விளக்கும் காலை வரை ஓடுகின்றன. அம்மாவின் இன்சுலின் அதற்குள் இருப்பதால்தான் இவ்வளவு கவலை. வண்டி கட்டிக்கொடுத்தவர் லித்தியம் பேட்டரி போடச் சொல்கிறார். அது பெரிய செலவு. உண்மையிலேயே பேட்டரிதான் காரணமா?

இன்னொன்று, மணலில் இறக்கி அலைக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்த எந்தக் கடற்கரை நல்லது?

திருவாரூர் ஒயரிங்:
பேட்டரி வாங்குவதை நிறுத்தி வையுங்கள். விசிறி ஓடுகிறது, ஃப்ரிட்ஜ் மட்டும் நிற்கிறது என்றால் பேட்டரி காலியாகவில்லை. ஃப்ரிட்ஜ் வரைக்கும் வோல்ட் போய்ச் சேரவில்லை. இந்தக் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்களில் பேட்டரியைக் காப்பாற்ற ஒரு கட்டுப்பாடு இருக்கும். தனக்கு வரும் வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானே அணைந்துகொள்ளும். விசிறிக்கு அப்படி எதுவும் கிடையாது, மெதுவாகவாவது சுற்றும்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். என்ஜின் அணைத்திருக்க, கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு இடத்தில் அளந்து சொல்லுங்கள்: பேட்டரி முனையில் எவ்வளவு, ஃப்ரிட்ஜ் செருகும் இடத்தில் எவ்வளவு. கம்ப்ரசர் நின்றிருக்கும்போது அளந்தால் இரண்டும் ஒன்றாகவே காட்டும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் எத்தனை மீட்டர், ஒயர் என்ன கனம் என்பதும் வேண்டும்.

ஆறுகாட்டுத்துறை:
ஒயரிங் எனக்குத் தெரியாது. மணல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து இறக்காதீர்கள் தம்பி. அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாகத் தெரியும், நடந்தால் காலும் புதையாது. வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டியின் பின்சக்கரம் நின்றால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அதற்கு மேலே இருக்கும் காய்ந்த மணல் இன்னும் மோசம்.

எங்கள் கரை வெறும் கரையும் இல்லை. படகு ஏற்றுகிற இடம், வலை காய்கிற இடம், மீன் ஏலம் போடுகிற இடம் எல்லாம் அதுதான். விடியுமுன் படகு கரை திரும்பும்போது குறுக்கே ஒரு வண்டி நின்றால் அன்றைய பிழைப்பே கெடும். சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம் கெட்டித் தரையில் நிறுத்துங்கள். ஊருக்குள் வந்ததும் பஞ்சாயத்தார் யாரென்று கேட்டு, "குடும்பத்தோடு வந்திருக்கிறோம், ஓர் இரவு நிற்கலாமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டு வருகிறவர்களை யாரும் விரட்டுவதில்லை. எது பத்திரமான இடம் என்றும் அவர்களே காட்டுவார்கள்.

மன்னார்குடி டிரைவர்:
அண்ணன் சொல்வது சரி. ஆனாலும் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் எடுக்கும் வழியையும் சொல்லி வைக்கிறேன். சக்கரம் சுழன்றால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னாலுள்ள மணலைச் சரிவாக வாரிவிட்டு, டயர் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். டயர் தட்டையாகி அகலமாக மிதிக்கும், பாரம் பரவும். சக்கரத்துக்கு அடியில் பலகையோ தென்னை மட்டையோ திணித்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முதல் கியரில் நிதானமாக நகர்த்துங்கள். சக்கரத்துக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, மட்டை பறந்து வரும். தார் ரோடு ஏறியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும், அதனால் 12 வோல்ட் காற்றடிக்கும் மோட்டார் கையில் இருக்கட்டும். அச்சு வரை புதைந்துவிட்டால் முயற்சி செய்து நேரத்தை வீணாக்காமல் டிராக்டர் கூப்பிடுங்கள்.

மாசியில் டெல்டா ரோட்டில் வேறொரு சங்கதியும் இருக்கிறது. சம்பா அறுவடை நேரம். அறுவடை மெஷின்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும், பல இடங்களில் பாதி ரோட்டில் நெல் காயும், கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் லாரி வரிசை நிற்கும். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை சுமார் 120 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரக் கணக்குப் போடாதீர்கள். இருட்டிய பிறகு காயும் நெல்லுக்கு வரம்பாக வைத்த கல் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கும்பகோணம் வண்டி:
நன்றி அண்ணே, மணலில் இறக்குகிற எண்ணத்தையே விட்டுவிட்டோம். மீட்டர் வாங்கி அளந்தேன். கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரியில் 12.4, ஃப்ரிட்ஜ் செருகும் இடத்தில் 11.2. ஒயர் போகும் தூரம் 6 மீட்டர் இருக்கும். ஒயரில் 1 சதுர மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்கிறது. செருகுவது சிகரெட் லைட்டர் மாதிரியான பிளக். மைனஸ் ஒயரை வண்டியின் பாடியிலேயே ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

திருவாரூர் ஒயரிங்:
கிடைத்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம் மின்தடை. மைனஸ் பக்கம் பாடி போல்ட்டில் போகும் இழப்பையும் அதே அளவு என்று எடுத்து, போக வர 12 மீட்டர் என்று வைத்தால் 0.22 ஓம். கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1.1 வோல்ட் போய்விடும். உங்கள் மீட்டரும் ஏறக்குறைய அதைத்தான் காட்டுகிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருப்பதால் இது தெரியாமலே போகிறது. இரவில் பேட்டரி 12.2க்கு இறங்கும்போது ஃப்ரிட்ஜுக்கு 11தான் கிடைக்கிறது, அணைந்துகொள்கிறது.

6 சதுர மில்லிமீட்டர் ஒயரை பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் பேட்டரியிலிருந்தே நேராக இழுங்கள். இழப்பு 0.2 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். பாடி போல்ட்டை நம்ப வேண்டாம். உப்புக் காற்றில் அந்த இடம் துருப்பிடித்து, இன்று நன்றாக இருப்பது அடுத்த மழைக்காலத்தில் கெட்டுவிடும். பிளஸ் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். லைட்டர் பிளக்கை எடுத்துவிட்டு அசையாமல் பூட்டிக்கொள்ளும் கனெக்டர் போடுங்கள், குலுங்குகிற ரோட்டில் அந்தப் பிளக் தளர்ந்து சூடாகும். பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் வெந்நீரில் சோடா உப்பு கலந்து கழுவி, துடைத்துக் காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

இதற்குப் பிறகும் ஓர் இரவுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால் கவனம். ஈய அமில பேட்டரியில் 100 என்றால் பாதிதான் எடுக்கலாம், அதற்குக் கீழே போனால் ஆயுள் குறையும். ஃப்ரிட்ஜ் ஒரு நாளுக்கு 40 ஆம்பியர் ஹவர் வரை சாப்பிடும். சோலார் பலகை சவுக்கு நிழலில் இருந்தால் ஒன்றும் ஏறாது. வெயிலில் நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் கூடுதலாக உழைக்கும். இரண்டுக்கும் நடுவில் காலை வெயில் கூரையில் விழுகிற இடமாகப் பாருங்கள்.

சீர்காழி டீச்சர்:
ஒயர் மாற்றுவது நல்லது. ஆனால் இன்சுலினை ஒரே ஃப்ரிட்ஜை நம்பி வைக்காதீர்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் வரை வெளியே தாங்கும். அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கெடுப்பது இரண்டு: வெயிலில் பூட்டி வைத்த வண்டிச் சூடு, அப்புறம் உறைதல். ஐஸ்கட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோன மருந்தை உருகிய பிறகும் போடவே கூடாது. அதனால் சின்ன தெர்மோஸ் பெட்டி ஒன்றில், ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்து அதைத் தொடாதபடி வைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

குடிநீரைக் கும்பகோணத்திலேயே நிரப்பிவிடுங்கள். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், குழாய்த் தண்ணீர் தூரத்திலிருந்து முறை வைத்து வருவது. அந்த வரிசையில் போய்க் கேரவன் தொட்டியை நிரப்புவது நியாயமில்லை.

பிள்ளைகளைப் பூம்புகாரிலும் வேளாங்கண்ணியிலும் ஆழத்துக்கு விடாதீர்கள். இழுப்பு அதிகம், அமைதியாகத் தெரியும் நாளிலும். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னால் விளையாட இடம் இருக்கிறது. கடலோரக் கல்லில் மட்டும் ஏற விட வேண்டாம்.

ஆறுகாட்டுத்துறை:
டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி எங்கள் கரையில் ஆமை முட்டையிடும் காலம். பங்குனி ஆமை என்றுதான் அதற்குப் பெயரே. கரையைப் பார்த்து வெள்ளை விளக்கு அடித்தால் தாய் ஆமை ஏறாமல் திரும்பிவிடும், குஞ்சு கடலை விட்டு விளக்கை நோக்கி வரும். மணலில் நெருப்பும் மூட்டாதீர்கள். வண்டிக்குள் மங்கலாக ஒரு விளக்கு போதும், கடல் பக்கத்துத் திரையை இழுத்துவிடுங்கள்.

கோடியக்கரையில் காட்டுக்குள் இரவு நிறுத்த முடியாது. 1967இலிருந்து அது சரணாலயம். வேதாரண்யம் பக்கமே தூங்கிவிட்டு, காலையில் வனத்துறைச் சாவடியில் கேட்டு உள்ளே போங்கள். பூநாரைக்கு மாசி கடைசியைவிட முதல் பாதி நல்லது. வெளிமான் எப்போதும் நிற்கும்.

கும்பகோணம் வண்டி:
ஒயர் மாற்றியாயிற்று. கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரியில் 12.4, ஃப்ரிட்ஜில் 12.2. நேற்று வீட்டு வாசலிலேயே என்ஜினைப் போடாமல் நிறுத்தி வைத்தேன், காலை ஏழு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. திருவாரூர் சாருக்கு மிகவும் நன்றி. கடைசியாக ஒன்று: காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்ததாயிற்றே, வண்டிக்குத் தனியாக ஏதாவது எடுக்க வேண்டுமா?

மன்னார்குடி டிரைவர்:
சொந்த வண்டி, வெள்ளை போர்டு என்றால் வேண்டாம். ஆர்சி புத்தகத்தில் கேரவன் மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்த மஞ்சள் போர்டு என்றால் பெர்மிட்டை உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, இரவு தூங்கும்போது கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, இரண்டு பக்கமும் ஜன்னலைக் கொசுவலையோடு கொஞ்சம் திறந்து வையுங்கள். பனிக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு உள்ளே அடுப்பு எரிக்கவே கூடாது.