போனை வாங்கினால் தரையில் உருளும் மகன்

தமுவே அம்மா: யாங்கோனில் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயது. கரண்ட் போனதும் போனைக் கேட்கிறான். பிடுங்கினால் உருண்டு அழுகிறான். மாமியார் திரும்பக் கொடுத்துவிடுகிறார். என்ன செய்யலாம்?

மோல்மேன் பாட்டி: அழுதால் கிடைக்கும் என்று தெரிந்தால் இன்னும் சத்தமாகத்தான் அழுவான், அம்மா. "இந்த வீடியோ முடிந்ததும் வைக்கணும்" என்று முன்பே சொல்லிவிடு. உருளும்போது புத்தி சொல்லாதே, காதில் ஏறாது. "கோபமா இருக்கியா?" என்று மட்டும் கேட்டுப் பக்கத்தில் உட்கார். என் பேரன் அடங்கியதும் மொஹிங்காவுக்கு (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) அவித்த முட்டையை உரிக்கவிடுவேன். பாதி அவன் வாய்க்குள் போகும், போகட்டும்.

மாண்டலே அப்பா: உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

தமுவே அம்மா: சரி பாட்டி. மாமியாரிடம் யார் சொல்வது?