பத்து வயது லேப்டாப்பில் விண்டோஸ் 11: ஏற்றலாமா, கூடாதா?

நிலாமுற்றம்:
2015-இல் வாங்கிய லேப்டாப். ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டதிலிருந்து, பட்டனை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்வது இதில்தான். அப்பா கணக்கு எழுதுவதும் இதில்தான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி இருக்கிறதா என்று சோதித்தால் இரண்டு இடத்தில் தடுக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, ப்ராசசர் மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இல்லை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து நிறுவும் பென்டிரைவ் தயாரித்தால் இந்தச் சோதனைகளைத் தாண்டிவிடலாம் என்கிறார்கள். ஏற்றிவிடலாம் என்பதே என் எண்ணம். நன்றாக ஓடும் ஒன்றைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கூடாது என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பொறியன்:
தாராளமாக ஏற்றுங்கள். நான்காம் தலைமுறை ஐ7-இல் மூன்று வருடமாக ஓட்டுகிறேன். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒன்றுகூடத் தவறியதில்லை. விண்டோஸ் 11 வந்த புதிதில், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து இந்தத் தடையைத் தாண்டும் வழியை மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் போட்டிருந்தது.

ஒன்றை மட்டும் பாருங்கள். 24எச்2 பதிப்பிலிருந்து (2024-இன் இரண்டாம் பாதியில் வந்தது) ப்ராசசரில் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் இருந்தாக வேண்டும். கோர் 2 டுவோ போன்றவற்றில் அவை இல்லை. அங்கே எந்தத் தந்திரமும் செல்லாது, பூட்டே ஆகாது. கோர் ஐ வரிசையில் முதல் தலைமுறையிலிருந்தே இருக்கின்றன. உங்களுக்குக் கவலை இல்லை.

காவல்கோபுரம்:
நான் கூடாது என்கிறேன். ஓடுகிறது என்பது ஒன்று, பாதுகாப்பாக ஓடுகிறது என்பது இன்னொன்று.

பட்டியலில் இல்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இன்றுவரை வருகிறது, அவ்வளவுதான். அடுத்து, பழைய மதர்போர்டுக்குப் பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வருவது எப்போதோ நின்றிருக்கும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாகின. சில மாதங்கள் கழித்து, மிகப் பழைய சில ப்ராசசர் வகைகளுக்குத் திருத்தம் தரப்போவதில்லை என்று இன்டெல்லே அறிவித்தது. மேலே எவ்வளவு புதிய ஓஎஸ் போட்டாலும் அடியில் இருப்பது பழசுதான்.

கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் மூன்று பழைய கணினிகளில் இப்படித் தடை தாண்டி 22எச்2 ஏற்றினார்கள். ஏற்றிக் கொடுத்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். வருடாந்திரப் புதிய பதிப்பு இப்படிப்பட்ட கணினிகளுக்குத் தானாக வராது. 22எச்2-இன் ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்தது. நான் போய்ப் பார்த்தபோது, கடைசியாக அப்டேட் ஏறி எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றிலும் சம்பளக் கணக்கு இருந்தது. கணினி வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

பொறியன்:
//மேலே எவ்வளவு புதிய ஓஎஸ் போட்டாலும் அடியில் இருப்பது பழசுதான்//

இதை ஓரளவுதான் ஏற்கிறேன். விண்டோஸானாலும் லினக்ஸானாலும், ப்ராசசர் திருத்தங்களை பூட் ஆகும்போது ஓஎஸ்ஸே ஏற்றிக்கொள்ள முடியும். ஐந்தாம் தலைமுறைக்கு ஸ்பெக்டர் திருத்தம் வந்தது.

இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கோடு எப்படி வந்தது என்றும் கேளுங்கள். கெட்ட நிரல் ஓஎஸ்ஸின் மையத்துக்குள் நுழையாமல் தடுக்கும் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு வேகம் குறையாமல் இயங்க ப்ராசசரில் எம்பெக் என்ற வசதி வேண்டும் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். இன்டெலில் அது ஏழாம் தலைமுறையிலேயே இருக்கிறது. ஆனால் ஏழாம் தலைமுறையில் ஒரு சிலவற்றைத் தவிர எல்லாம் பட்டியலுக்கு வெளியே. இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையில் அதற்கு ஈடான வசதி இல்லை, ஆனால் அது பட்டியலுக்கு உள்ளே! நுட்பக் காரணம் மட்டுமே என்றால் கோடு இப்படி விழுந்திருக்காது. கோடிக்கணக்கான நல்ல கணினிகளை இந்தக் கோடு வெளியே தள்ளுகிறது. அதைக் கேள்வி கேட்காமல் ஏற்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

உங்கள் அலுவலகக் கதையில் குறை பராமரிப்பில் இருக்கிறது. தடையைத் தாண்டியதில் இல்லை.

மாலைவெயில்:
மேக் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை.

2013 மேக்புக் ஏரில், பழைய மேக்கில் புதிய மேக்ஓஎஸ்ஸை ஏற்ற உதவும் ஓபன்கோர் லெகசி பேட்சர் வைத்துச் சோனோமா பதிப்பை ஓட்டுகிறேன். அங்கே சோதனையைத் தாண்டினால் மட்டும் போதாது. அந்தக் காலத்து வைஃபைக்கும் கிராஃபிக்ஸுக்கும் உரிய டிரைவர்களே புதிய மேக்ஓஎஸ்ஸில் கிடையாது. பேட்சர் அவற்றைப் பழைய பதிப்பிலிருந்து எடுத்து சிஸ்டம் பகுதிக்குள் வைக்கிறது. பிக் சர் என்ற மேக்ஓஎஸ் பதிப்பு முதல், யாரும் மாற்றாதபடி அந்தப் பகுதிக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். பேட்ச் போட வேண்டுமென்றால் முத்திரையை உடைக்க வேண்டும், சிஸ்டம் பாதுகாப்பையும் ஒரு படி தளர்த்த வேண்டும்.

ஒருநாள் ராத்திரி யோசிக்காமல் அப்டேட்டை அழுத்திவிட்டேன். என் கவனக்குறைவுதான். காலையில் திறந்தால் வைஃபை இல்லை. ஒரு ஜன்னலைப் பிடித்து நகர்த்தினால் அது விட்டுவிட்டு, துண்டு துண்டாக நகர்கிறது. கீழே ஐகான் வரிசையில் கண்ணாடி போன்ற மங்கல் போய், தட்டையான சாம்பல் நிறம். அப்டேட் வந்து சிஸ்டம் பகுதியை முழுக்கப் புதிதாக்கி, போட்ட பேட்ச் எல்லாவற்றையும் துடைத்திருந்தது. மறுபடி பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் மூச்சு வந்தது.

வாசலில் நிற்கும் காவலாளியைத் தாண்டி உள்ளே போவது வேறு, வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுவது வேறு. நிலாமுற்றம் செய்ய நினைப்பது முதல் வகை. உள்ளே இருக்கும் விண்டோஸ் யாரும் தொடாத விண்டோஸ்தான். நான் செய்வது இரண்டாம் வகை. அதனால்தான் அந்த மேக்கில் முக்கியமான எதையும் வைத்துக்கொள்வதில்லை. இந்த வழிக்கும் ஆயுள் அதிகமில்லை. இன்டெல் ப்ராசசர் உள்ள மேக்குகளுக்கு வரும் கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு டாஹோ என்று ஆப்பிள் சொல்லிவிட்டது.

காவல்கோபுரம்:
மாலைவெயில், இந்தப் பிரிவினை சரி. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது தவறுதான். பொறியன் சொன்ன ரைசன் விஷயத்துக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் என் முடிவு மாறவில்லை. குறை பராமரிப்பில்தான் என்கிறார் பொறியன். நானும் அதைத்தானே சொல்கிறேன்! பட்டியலில் உள்ள கணினி, யாரும் கவனிக்காவிட்டாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும். தடை தாண்டிய கணினிக்கு வருடம் ஒருமுறை ஓர் ஆள் வந்து உட்கார வேண்டும். நிலாமுற்றம், அந்த ஆள் நீங்கள்தானா? நீங்கள் ஊரில் இல்லாதபோது அப்பா முன்னால் ஏதாவது எச்சரிக்கை வந்தால் என்ன செய்வார்?

நிலாமுற்றம்:
எதையும் தொடாமல் மூடி வைத்துவிடுவார். நான் வரும்வரை திறக்க மாட்டார். இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை.

பென்குயின்தோழி:
அப்படியானால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போடுங்கள். சண்டையே வேண்டாம். ஐந்தாம் தலைமுறை ஐ5 அதற்குத் தாராளம். எந்தச் சோதனையையும் தாண்ட வேண்டியதில்லை, அப்டேட்டும் முறையாக வரும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, ஸ்கேனர் மூன்றையும் முதலில் சோதியுங்கள்.

லினக்ஸ் எல்லாப் பழசையும் என்றென்றும் தாங்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, பழைய 32-பிட் கணினிகளுக்கு நிறுவி தருவதை நிறுத்திவிட்டது. ஆனால் அங்கே கோடு விழுவது கிட்டத்தட்ட இருபது வருடப் பழமைக்குத்தான்.

பொறியன்:
அப்பாவின் கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று பார்க்காமல் இறங்காதீர்கள். பலர் திரும்பி வருவது அங்கேதான்.

நிலாமுற்றம்:
இரண்டு நாள் பென்டிரைவில் மின்ட் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை உடனே வந்தது. ஸ்கேனரும் கேட்காமலே வந்தது, நம்ப முடியவில்லை. என் மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பாவின் கணக்கு மென்பொருள், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாகத் திறக்கிறது, அச்சிடச் சொன்னால் நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வருடக் கணக்கு அதில் இருக்கிறது. இன்னொன்றுக்கு மாறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கப் போகிறேன். ஒன்றில் மின்ட், நான் இணையத்தில் செய்வதெல்லாம் அதில். மற்றதில் விண்டோஸ் 11, அப்பாவின் கணக்குக்கு மட்டும். அக்டோபர் முதல் ஞாயிறு பதிப்பைப் பார்த்து ஏற்றுவதற்கு என்று நாட்காட்டியில் குறித்துவிட்டேன். முழு டிஸ்க்கையும் நேற்று வெளி டிஸ்க்கில் இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்தாயிற்று.

காவல்கோபுரம்:
விண்டோஸ் 11-ஐ இப்படி ஏற்றுவதை நான் இன்னமும் ஆதரிக்கவில்லை. ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். அந்த விண்டோஸில் வைஃபையை அணைத்து வையுங்கள், அப்டேட் நாளில் மட்டும் போடுங்கள். எடுத்த இமேஜிலிருந்து ஒரே ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகு டிஸ்க்கைப் பிரியுங்கள்.