மகனுக்கு ஐக்யூ சோதனை எங்கே செய்விக்கலாம்?

வணக்கம் உறவுகளே, நாங்கள் கிளிநொச்சி தர்மபுரத்தில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது. போன கிழமை நெல் ஏற்ற வந்த வியாபாரி மூட்டைகளின் நிறையைக் கல்குலேட்டரில் தட்டி முடிக்க முன்னமே, வேலியோடு நின்ற இவன் மொத்தத்தைச் சொல்லிவிட்டான். சரியாக இருந்தது. என் அப்பாவும் இப்படித்தான். வரம்பால் நடந்தே காணியின் அளவைச் சொல்லுவார். 1977 இனக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்தவர், படிப்பு அத்தோடு நின்றுவிட்டது. அந்த நிலை பேரனுக்கும் வரக்கூடாது.

ஆனால் இவனுக்கு எழுத்து வராது. கொப்பியில் ஒரு வரி எழுத அரை மணித்தியாலம், அதிலும் பாதி எழுத்து விடுபட்டிருக்கும். வகுப்பில் குழப்படி என்றும் முறைப்பாடு.

பெருமைக்காகக் கேட்கவில்லை. 1905இல் பாரிஸில் பினே என்ற உளவியலாளர் இப்படியான முதல் சோதனையை உருவாக்கியதே, படிப்பில் மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். 6 முதல் 16 வயது வரையானவர்களுக்கான வெக்ஸ்லர் சோதனையில் மொழி, நினைவு, வேகம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புள்ளி வரும். எனக்கு வேண்டியது அந்த விவரம்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வரட்டும், தெரிந்துவிடும் என்கிறார்கள். அந்தப் புள்ளி, இவன் ஏன் எழுதத் தடுமாறுகிறான் என்று சொல்லாதே.

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இதைத் தமிழில் செய்யும் உளவியலாளர் இருக்கிறார்களா? செலவு எவ்வளவு வரும்? தங்கைக்கும் ஐந்து வயது, அவளும் அண்ணனைப் போலவே. அவளுக்கு இப்போதே செய்யலாமா, பொறுக்க வேண்டுமா? பிள்ளைகளுக்குச் செய்வித்த அக்காமார், ஆசிரியர்மார் தயவுசெய்து எழுதுங்கள். சனி, ஞாயிறில் பார்ப்பவர் என்றால் பெரிய உதவி.