மேக்ரோ (பூச்சி மாதிரி சின்னதை மிக நெருக்கத்தில் படம்) எடுக்கும்போது நடந்த, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு விஷயம் சொல்லுங்கள்

குதிக்கும் சிலந்தி ஓடி ஒளியாது, திரும்பி நம்மைப் பார்க்கும். இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று 100 மி.மீ. லென்ஸ், 1:1 (சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்), எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சுருங்கும்). முன்னால் இருக்கும் பெரிய கண் தேன் நிறத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஓரத்திலிருந்து கருப்பு நகர்ந்து வந்து கண் முழுக்க நிரம்பியது. அப்புறம் மெல்ல விலகியது. கண் அசையவில்லை, உள்ளே விழித்திரைதான் நகர்கிறது. முழுக் கருப்பாக இருந்த அந்த நொடியில் அது நேராக என்னைப் பார்த்திருக்கிறது. நான் ஷட்டரை அழுத்தவே இல்லை. இரண்டு வருஷமாக அதற்காக அலைகிறேன்.

---

பூச்சியை ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள், அசையாது. நான் ஒரு வண்டை அப்படித்தான் 40 படம் ஸ்டாக் செய்ய (ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்து ஒரே படமாக இணைக்க) எடுக்கத் தொடங்கினேன். ஆனால் பாதியில் அதன் உணர்கொம்பு ஒன்று மெதுவாக எழுந்தது. அதற்குமேல் எடுக்க மனம் வரவில்லை.

---

எனக்குக் கும்பிடு பூச்சி. தலைகீழாகத் தொங்கித் தோலுரித்துக்கொண்டிருந்தது. காற்று அடித்ததால் வழக்கம்போல இடது கையால் குச்சியைப் பிடித்து, லென்ஸை அந்தக் கைமேலேயே தாங்கினேன். குச்சி ஆடியது, பூச்சி கீழே விழுந்தது. புதுத் தோல் இன்னும் இறுகவில்லை. முன்னங்கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. விழுவதற்கு முன் எடுத்த படம் ஊசி முனை மாதிரி துல்லியம். யாருக்கும் காட்டியதில்லை.

---

ஃபிரிட்ஜ் யோசனை சொன்னவருக்கு: தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சியின் கால்கள் உள்ளே மடங்கும், கொம்பு தொய்யும். பழகிய கண்ணுக்குப் படத்திலேயே தெரியும். விடியற்காலையில் போங்கள், குளிரில் அதுவாகவே அசையாமல் இருக்கும், பனித்துளியோடு கிடைக்கும். எனக்கு ஒரு தும்பி அப்படித்தான் கிடைத்தது. வெயில் பட்டதும் முன்னங்காலால் கண்ணில் இருந்த பனியைத் துடைத்தது, அவ்வளவுதான் என் கதை.

முதல் பதிவருக்கு: எஃப்/11-ஐ விட்டு எஃப்/22 போகாதீர்கள். 1:1-இல் எஃப்/11 என்பதே நடைமுறையில் எஃப்/22 அளவு வெளிச்சம்தான். இன்னும் மூடினால் ஒளி துளை விளிம்பில் வளைந்து பரவி எல்லாமே மழுங்கும். ஃபுல் ஃபிரேமில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) துல்லியமாக விழும் ஆழம் 1 மி.மீ. சொச்சம், அதைக் கண்ணில் வையுங்கள், கால் மங்கினால் மங்கட்டும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு உடம்பை முன்னும் பின்னும் நகர்த்திப் பிடியுங்கள். ஃபிளாஷை முழு சக்தியில் 1/16-க்கு இறக்கினால் அது மின்னும் நேரம் மிகக் குறையும், கை நடுக்கம் உறையும், அடுத்த படத்துக்கும் உடனே தயாராகும். டிஃப்யூசரை (ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் மறைப்பு) பெரிதாக, பூச்சிக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். சின்னதாக இருந்தால் சிலந்திக் கண்ணில் வெள்ளைப் புள்ளி குத்திக்கொண்டு நிற்கும், நீங்கள் தேடும் அந்தத் தேன் நிறமே தெரியாது.

இடது கைப் பிடி தவறே இல்லை. தோலுரிக்கும்போது மட்டும் வேண்டாம்.

---

சரி, அது தெரியாமல் செய்தது. நான் கேட்க வந்தது, அந்தக் கால் அடுத்த தோலுரிப்பில் நேராகுமா?

---

இறக்கை எப்படி இருந்தது? முதுகில் சின்ன மொட்டு மாதிரியா, முழுசாகவா? மொட்டு என்றால் இன்னும் தோலுரிக்கும், கால் சரியாக வாய்ப்பு உண்டு. முழு இறக்கை வந்துவிட்டால் அதுதான் கடைசி.

---

முழு இறக்கை. கசங்கியிருந்தது, அப்போதுதான் விரியத் தொடங்கியது.